இரட்டை ஊதி தோற்ற கதை

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. என் அக்கா ஆர்டர் கொடுத்தது.

போன மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று, "ஊர்ல இருக்கறவங்க எல்லாரைப் பத்தியும் எழுதற. நம்ம கராஜைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கியாடி?" என்றாள்.

"அதுல என்ன இருக்கு எழுத?"

"ரெட்ட ஊதி தோத்த கதைய எழுது. செம காமெடியா வரும். மறந்துபோனதை நான் எடுத்துக் குடுக்கிறேன்."

ஊதி என்றால் சூப்பர்சார்ஜர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி. முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிடும் என்று அப்பா அதற்கு வைத்த பெயர் ஊதி. எஞ்சினில் ஒன்று இருந்தால் ஒத்த ஊதி, இரண்டு இருந்தால் ரெட்ட ஊதி. கல்லூரியில் ஒருமுறை வாய் தவறி வகுப்பில் சொல்லிவிட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தச் சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொண்டேன்.

சரி, காமெடியாகவே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எண்கள் சரியாக இருக்க வேண்டுமே என்று அப்போது கணக்கு எழுதிய பழைய நோட்டை எடுத்தேன். பதினாலாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

அங்கே என்ன இருந்தது என்பதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு என் அக்கா மேல் பரிதாபம் வந்துவிடும். அவளுக்குப் பரிதாபம் ஆகாது. முதலில் அவளைப் பாருங்கள்.

2

தொடக்கம் ஒன்று: காலை வெயில் கராஜின் தகரக் கூரையில் பட்டு—

வேண்டாம். வெயில் எல்லாக் கூரையிலும்தான் படுகிறது.

தொடக்கம் இரண்டு: அக்காவின் கைகளில் கிரீஸ் கறை எப்போதும்—

பொய். துணி சோப்புத்தூளில் மரத்தூளைக் கலந்து கால்மணி நேரம் தேய்ப்பாள். என் கையைவிட அவள் கை சுத்தம். கிரீஸ் படிந்த பெண் கை என்று எழுதினால் படிக்கிறவர்கள் உருகுகிறார்கள், அதற்காகத்தான் அந்த வாக்கியம் தானாக வந்து விழுகிறது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா செருப்புப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று மேசை உயரத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் இரு பக்கமும் இரண்டு சின்ன ஊதிகளைப் பொருத்த வேண்டும். இரண்டும் விபத்தில் நொறுங்கிய சிறிய கார்களிலிருந்து வந்தவை. அவற்றைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு இரும்புத் தகடு வேண்டும், அப்படி ஒரு தகடு எந்தக் கடையிலும் கிடையாது. அவளே வரைய வேண்டும். காகிதத்தில் வரைய மாட்டாள். அட்டையில் வெட்டி, எஞ்சினில் வைத்து, எங்கே இடிக்கிறதோ அங்கே பல்லால் கடித்து அடையாளம் வைப்பாள்.

"பென்சில் இருக்கே அக்கா."

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. வாய் சும்மாதான் இருக்கு."

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ யாருக்கும் கேட்காத சத்தத்தில் ஏதோ முணுமுணுத்தது. சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கில் வந்தாலும் நான் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கிறேன். தகடு எட்டு மாதம் எடுத்தது. மூன்று தடவை இரும்பில் வெட்டி மூன்று தடவையும் குப்பைக்குப் போனது. நாலாவது சரியாக உட்கார்ந்தபோது அவள் அதன்மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்தாள்.

3

பாத்திரங்கள் மூன்று பேர்தான், என்னைச் சேர்த்தால் நாலு.

அப்பா. கராஜ் அவருடையது. அக்காவைப் "பெரியவ" என்பார். என்னைச் "சின்னவ" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்து "படிச்சவ" ஆகிவிட்டேன்.

அக்கா. என்னைவிட ஐந்து வயது பெரியவள். பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள்.

[நிறுத்திக்கொண்டாள் என்று எழுதினால் அவளே முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. ஒருத்தி படிக்கலாம், ஒருத்தி கராஜில் நிற்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது அவள்தான் கராஜுக்குக் கை தூக்கினாள். அப்படித் தூக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: குடும்பத்தின் முதல் பட்டதாரியா, ஆம், இல்லை. நான் ஆம் என்று டிக் போட்டேன். இரண்டாவது ஆள் யார், அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.]

பல் டாக்டர். அந்தக் கார் இவருடையது. வாரம் ஆறு நாள் பல் பிடுங்குவார், ஏழாவது நாள் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் கார் ஓட்டுவார். இவரை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். முயன்றுபார்த்தேன், முடியவில்லை. அக்காவை "மேடம்" என்று கூப்பிட்ட ஒரே வாடிக்கையாளர். ஒற்றை ஊதியோடு ஓடிக்கொண்டிருந்த காரில் "ரெண்டு வெச்சா எப்படி இருக்கும் மேடம்?" என்று கேட்டவரும் அவர்தான்.

நான். என்னைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது. போகப் போகப் பார்ப்போம்.

4

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். கதை கேட்டு வந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டாதீர்கள். அவள் எட்டு மாதம் யோசித்ததை நீங்கள் எட்டு நிமிடம் யோசித்தால் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

எஞ்சின் காற்றைத் தின்று வாழ்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம், அவ்வளவு இழுவை. எஞ்சின் தானாக உறிஞ்சுவதைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளுவதுதான் ஊதியின் வேலை. ஆனால் ஊதியைச் சுற்றுவதும் அதே எஞ்சின்தான், பெல்ட் வழியாக. அதனிடமே பிடுங்கி அதற்கே ஊட்டுகிற வேலை. பிடுங்குவதைவிட ஊட்டுவது கூடுதலாக இருக்கும்வரை சரி.

ஒற்றை ஊதி என்பது எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய உருப்படி. ஒரு பெல்ட். பழுது வந்தால் எங்கே என்று தேட வேண்டாம். ஆனால் மொத்தக் காற்றையும் ஒன்றே தள்ளுவதால் வேகமாகச் சுற்ற வேண்டும், சூடாகிவிடும். சூடான காற்று ஊதிப் பெருத்த காற்று. மீட்டரில் அழுத்தம் காட்டும், உள்ளே சரக்கு குறைவு. நம் வீட்டு விசேஷத்துக்கு வரும் சில உறவினர்கள் மாதிரி.

இரட்டையில் பாரம் பாதிப் பாதி. நிதானமாகச் சுற்றும், காற்று குளிர்ச்சியாக வரும். பதிலுக்கு இரண்டு பெல்ட், இரண்டு தாங்கி, காரின் மூக்கில் பதினோரு கிலோ கூடுதல் எடை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரண்டும் தள்ளும் காற்று நடுவில் ஒரு பெட்டியில் சேர்ந்து அங்கிருந்துதான் எட்டு சிலிண்டருக்கும் பிரிகிறது. ஒரு பெல்ட் வழுக்கினால், நன்றாக வேலை செய்கிற ஊதி தள்ளும் காற்று, சோம்பி நிற்கிற ஊதி வழியாகப் பின்னால் ஓடிவிடும். 

அக்கா அதற்கு ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு ஊதியின் வாயிலும் உள்பக்கமாக மட்டும் திறக்கிற ஒரு மெல்லிய மடிப்புத் தகடு. அவள் அதைக் "கதவு" என்பாள். "வெளிய போக வழியில்ல, உள்ள வந்தா இருந்துதான் ஆகணும். மாமியார் வீடு." இப்படிச் செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு யாரெல்லாம் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. என் ஆய்வறிக்கையில் அதற்குச் சரியான பெயர் போட்டு ஒரு வரி எழுதினேன். அவள் பெயர் போடவில்லை. நன்றியுரையில் பேராசிரியர், துறைத் தலைவர், ஆய்வக உதவியாளர், கடைசியில் "என் குடும்பத்தார்". அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆமாம், ஆய்வறிக்கை. கடைசி வருடத்துக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ தொழிற்சாலை தேடி அலைந்தார்கள். எனக்கு வீட்டிலேயே ஒரே எஞ்சின், இரண்டு விதமான ஊதி. அதிர்ஷ்டக்காரி என்றார்கள்.

5

ஓடுதளத்து ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தனியாக ஒரு புத்தகமாக எழுதலாம். எழுத மாட்டேன். நானே அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்துவிடுவேன்.

சிமெண்டு விரிசல்களில் புல். தூரத்தில் கண்ணாடி இல்லாத கட்டுப்பாட்டுக் கோபுரம். பல் டாக்டர் எல்லாருக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவருவார், சர்க்கரை போட மாட்டார், தொழில் புத்தி. கார் கிளம்பும்போது ஒற்றை ஊதி ஒரே குரலில் உறுமும். இரட்டை ஊதி பாடும். இரண்டும் ஒரே சுருதியில் வந்தால் பெல்ட் இரண்டும் சரி. பிசிறடித்தால் ஒன்று வழுக்குகிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து, "இடது பக்கம்" என்பாள். திறந்து பார்த்தால் இடது பக்கம்தான்.

ஊதி தள்ளும் காற்றின் அழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் காட்டுகிற மீட்டர் ஒன்று காருக்குள் இருந்தது. வட்டமாக, கறுப்பாக, விளிம்பில் ஒரு வெட்டுத் தழும்போடு. அதில் ஒரு கோளாறு. எஞ்சின் நின்றிருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்காது, இரண்டில் நிற்கும். எப்போதும் இரண்டு. பத்து காட்டினால் எட்டு என்று அர்த்தம். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பழகிவிட்டது. வீட்டுப் பேச்சிலேயே அது கலந்துவிட்டது. யாராவது அளந்துவிட்டால், "ரெண்டு கழிச்சுக்க" என்போம். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு ஆறடி உயரம் என்றபோது அக்கா என் காதில், "ரெண்டு கழி, நாலடி" என்றாள். நான் டம்ளரோடு சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

ஒற்றை ஊதி ஓட்டங்களில் அக்கா ஓட்ட, பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்து முள் காட்டியதைக் காட்டியபடியே நோட்டில் எழுதினேன். இரட்டை ஊதி ஓட்டங்களின்போது எனக்குப் பரீட்சை. அவளே நோட்டைத் தொடையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு, ஓட்டி, நிறுத்தி, எழுதினாள்.

விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டேன். மீட்டர் கோளாறை மறக்கவில்லை. எல்லா எண்ணிலும் இரண்டு கழித்தேன். "பூஜ்யப் பிழைத் திருத்தம்" என்று தலைப்பு வைத்து ஒரு பத்தி எழுதினேன். பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் "மிக நன்று" என்று எழுதினார். நாலு வருடத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே நல்ல வார்த்தை.

[கவனமாகப் படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு ஏழு வருடம் பிடித்தது.]

6

டாக்டர் அந்தக் காரோடு போகவிருந்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எந்த ஊதியோடு போவது என்று முடிவெடுக்க வேண்டும். கடிகாரம் பிடித்துப் பார்த்த நேரங்கள் உதவவில்லை. ஒருநாள் எதிர்க்காற்று, ஒருநாள் ஈரம். நீல அட்டை போட்ட என் அறிக்கையை அப்பா வேலை மேசைமேல் செய்தித்தாள் விரித்து வைத்தார். வேறெதையும் அவர் செய்தித்தாள் விரித்து வைத்து நான் பார்த்ததில்லை.

"முடிவா என்ன சொல்லுதும்மா?" என்றார் டாக்டர்.

"ஒத்தைதான் சார். ரெட்டையில எடை ஜாஸ்தி, பெல்ட் ஜாஸ்தி. காத்து கொஞ்சம் குளிர்ச்சியா வருது, ஆனா அழுத்தம் எல்லா வேகத்துலயும் ஒரு பவுண்டு கம்மி."

அக்கா கையில் துணியோடு நின்றிருந்தாள். "கம்மியா? ஓட்டறப்ப அப்படித் தெரியலையே. முதுகுல கை வெச்சுத் தள்ளுச்சே."

"அது ஃபீலிங்க்கா. இது ரீடிங்."

இந்த வரியை நான் மூன்று வரைவுகளில் மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் மெதுவாகச் சொன்னேன். ஒன்றில் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒன்றில் டாக்டரைச் சொல்லவைத்தேன். நான்தான் சொன்னேன், பட்டென்று சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று பேர் நான் பேசுவதை நின்று கேட்டார்கள், அந்த ருசியில் சொன்னேன்.

அப்பா, "படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கழட்டிரு பெரியவளே" என்றார்.

அக்கா அட்டவணையின் மேல் குனிந்தாள். "இது என் நோட்டுல இருந்து எடுத்ததா?"

"ஆமா."

"அப்ப சரி."

எட்டு மாத வேலையை ஒரே மத்தியானத்தில் அவளே கழற்றினாள். ஊதிகள் பெட்டிக்குள் போயின, தாங்கிகள் பழைய இரும்புக்கு. ஒற்றை ஊதியோடு போன டாக்டர் நாலாவதாக வந்தார். இரட்டையோடு போயிருந்தால் முதலில் வந்திருப்பார் என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது. தெரியாததை எழுத மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பஸ் டெப்போவில் பிரேக் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டு விசேஷங்களில் எல்லாரையும் சிரிக்கவைக்க அவளிடம் ஒரு கதை இருந்தது. "எட்டு மாசம் நான் கட்டுன ரெட்ட ஊதிய, என் தங்கச்சி ஒரே பேப்பர்ல ஊதித் தள்ளிட்டா!" என்னைவிட அவள்தான் சத்தமாகச் சிரிப்பாள். அந்த நீல அறிக்கை இன்றும் அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி முகப்பைக் காட்டி.

7

பதினாலாம் பக்கம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் வரி, எஞ்சின் நின்றிருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்பது. ஒற்றை ஊதிப் பக்கங்களில் என் கையெழுத்தில்: "நின்ற நிலை 2." இரட்டை ஊதிப் பக்கங்களில் அவள் கையெழுத்தில், குண்டு குண்டாக: "நின்ற நிலை 0."

அந்த முள் ஒருநாளும் பூஜ்யத்தில் நின்றதில்லை.

அவள் மனத்துக்குள்ளேயே இரண்டைக் கழித்துவிட்டு எழுதியிருக்கிறாள். கழித்தோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது, மூச்சுவிடுகிற மாதிரி. நான் அதிலிருந்து இன்னொரு இரண்டைக் கழித்தேன். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் உண்மையில் ஒற்றை ஏழு, இரட்டை எட்டு. இரட்டைக்கு நான் ஆறு என்று போட்டேன். ஐயாயிரத்தில் ஒற்றை பத்து, இரட்டை பதினொன்று. நான் ஒன்பது என்று போட்டேன். எல்லா வேகத்திலும் ஒரு பவுண்டு கூடுதலாகத் தள்ளிய இரட்டை ஊதியை, ஒரு பவுண்டு கம்மி என்று எழுதினேன். அதுவும் குளிர்ந்த காற்று. அவள் முதுகு சரியாகத்தான் சொன்னது.

[சரியான எண்ணை வைத்துப் பார்த்தாலும் ஒற்றையே ஜெயித்திருக்கலாம். அந்தப் பதினோரு கிலோவும் இரண்டாவது பெல்ட்டும் பொய் இல்லை. ஒரு பவுண்டை அவை தின்றுவிட்டிருக்கலாம். அது நியாயமான தோல்வி. அவள் அதற்கு வேறொரு அட்டையை வெட்டியிருப்பாள்.]

ஒரு போன் போட்டு, "அக்கா, கழிச்சியா கழிக்கலையா?" என்று கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை? மறதி என்று எழுதலாம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

இதைக் கண்டுபிடித்து நான் உட்கார்ந்திருந்த மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"கதை எங்க நிக்குது?"

"போயிட்டிருக்கு."

"என்னைக் குண்டா எழுதிடாத. அப்புறம் ஒரு விஷயம், டெப்போவில புதுசா ஒரு பிரிவு ஆரம்பிக்கிறாங்க. பழைய பஸ்ஸுக்குக் கிடைக்காத பாகத்தையெல்லாம் நாங்களே வரைஞ்சு செய்யணுமாம். என்னைத் தலைமைக்கு வரச் சொல்றாங்க."

"சூப்பர்க்கா!"

"வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"ஏன்?"

"எனக்கு அதெல்லாம் வராதுடி. கழட்டி மாட்டச் சொல்லு, மாட்டறேன். நானா ஒண்ணு வரைஞ்சா என்ன லட்சணத்துல இருக்கும்னுதான் நாம பாத்தோமே." சிரித்தாள். "இதையும் கதையில சேத்துக்க."

சேர்த்துவிட்டேன்.

8

முடிவுகள்.

அ. நான் சொல்கிறேன். அக்கா சிரித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்டி. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்கிறாள். அழகான முடிவு. இதை எழுதினால் பாராட்டு வரும். ஆனால் இது எனக்கு வசதியான முடிவு. தெரிந்திருந்தால் அந்தத் தாங்கிகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க மாட்டாள். ஏற்கெனவே அவள் உழைப்பை எடுத்தேன், இப்போது அவளைத் தெய்வமாக்கி மன்னிப்பையும் எடுத்துக்கொள்வதா?

ஆ. நான் சொல்லவில்லை. ஆறாம் பகுதியோடு நிறுத்துகிறேன். அவள் கேட்ட காமெடி. படித்துவிட்டு டெப்போவில் எல்லாருக்கும் காட்டுவாள். மாசக் கடைசியில் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவாள். அலமாரியில் நீல அட்டை அப்படியே இருக்கும். இந்த வடிவம் ஒரு வாரம் என் கணினியில் தயாராக இருந்தது. அனுப்பும் பொத்தான்வரை விரல் போனது.

இ. பெட்டியைத் திறந்து இரட்டை ஊதியை மறுபடி கட்டுகிறோம், ஓடுதளம், இசை, ஜெயம். டாக்டர் அந்தக் காரை விற்று நாலு வருடம் ஆகிறது. இதற்கு மேல் பேச வேண்டாம்.

ஈ. நான் சொல்கிறேன், அவள் போனை வைத்துவிடுகிறாள், அதற்குப் பிறகு—

இதை எழுத முடியவில்லை. அதனால் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

9

ஒன்பது பகுதியையும் அச்சடித்து அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் நான் பேசிப் பேசி நியாயப்படுத்திவிடுவேன், எனக்கு அது நன்றாக வரும், அதற்குத்தான் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் என்றால் அவள் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம், வேண்டிய இடத்தில் பல்லைக் கடிக்கலாம். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. தபால் மூன்று நாளில் போய்விடும்.

அக்கா, இனி உனக்கு. திருத்திய அட்டவணையைப் பின்னால் இணைத்திருக்கிறேன். கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்பியாகிவிட்டது, அவர்கள் அதை என்ன செய்தாலும் சரி. முதல் பக்கத்தில் அந்த இரட்டை ஊதி அமைப்பை வடிவமைத்தது நீ என்று போட்டிருக்கிறேன். டெப்போவில் என்ன சொல்வது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொன்னது போதும். இந்தக் கதை அச்சில் வரலாமா, கூடாதா என்பதையும் நீயே சொல். கூடாது என்றால் கிழித்துவிடுகிறேன், உண்மையாகவே.

வாசகரே, கதையின் முடிவு எங்கே என்று கேட்காதீர்கள். அது ஆறு நாளோ ஆறு வருடமோ கழித்து ஒரு டெப்போவில், நானும் நீங்களும் இல்லாத இடத்தில் நடக்கும். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவள் "போடு" என்று சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் உறுதி. அதை மன்னிப்பு என்று படித்துவிடாதீர்கள். அவள் சொல்லாத ஒன்றை அவள் எழுத்திலிருந்து கணக்குப்போட்டு எடுத்தவள் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.